பேரிடரில் இறந்தோரைக் கையாளும் தன்னார்வலர் குழுக்கள்: நத்தம் போன்ற ஊர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

திண்டுக்கல்லுக்கு அடுத்த மாவட்டமான கரூரில், 2025 செப்டம்பர் 27 அன்று ஏற்பட்ட கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்த அதே வளாகத்தில் இறந்தவர்களின் உடல்களையும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. உடற்கூறாய்வுக்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டனர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள ஒரு மாவட்டத் தலைநகரின் நிலையே இது.

ஒரே நிகழ்வில் இத்தனை பேர் இறந்தால்தான் 'பெருந்திரள் உயிரிழப்பு' என்று கூறுவதற்கு நிலையான எண் எதுவும் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை, அவ்வூரின் பிணவறை, வாகனம், பணியாளர் ஆகியவற்றின் கொள்ளளவை மீறுமானால் அது பெருந்திரள் உயிரிழப்பே. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது ஆறு பேர் இறந்தனர். பெருநகர மருத்துவமனைக்கு ஆறு என்பது சமாளிக்கக்கூடிய எண். ஒரு வட்டத் தலைநகரில் ஒரே இரவில் ஆறு உடல்கள் வந்தால் நிலைமை வேறு. சிறுமலையும் கரந்தமலையும் சூழ்ந்த நத்தம், திண்டுக்கல்லிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்கவும், கழுமரம் ஏறுவதைக் காணவும் பல ஊர் மக்கள் இங்குத் திரள்கின்றனர். வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரையிலான முதற்சில மணி நேரத்தில் பணியில் இறங்குவோர் உள்ளூர் மக்களாகவே இருப்பர்.

அவர்கள் எவ்வாறு செயல்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தே, உறவினரைத் தேடி வரும் குடும்பத்துக்கு அவருடைய உடல் கிடைக்குமா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. தன்னார்வலர் குழுவின் தலையாய கடமை உடலை விரைந்து அகற்றுவது அன்று. உடலையும் அதன் அடையாளத்தையும் பிரியாமல் காப்பதே ஆகும்.

உடல்களால் கொள்ளைநோய் பரவுமா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் அன்று எங்கும் நிலவியது. பல உடல்கள் பெயரோ எண்ணோ புகைப்படமோ இன்றிப் பெருங்குழிகளில் அடக்கம் செய்யப்பட்டன. அஞ்சியவாறு கொள்ளைநோய் வரவில்லை. ஆனால் தம் பிள்ளை எங்கே புதைக்கப்பட்டது என்பதை இன்றுவரை அறியாத பெற்றோர் இருக்கின்றனர்.

விபத்திலும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் இறப்பவர்கள் காயத்தாலோ மூச்சுத்திணறலாலோ நீரில் மூழ்கியோ இறக்கின்றனர், தொற்றுநோயால் அன்று. உடலில் ஏற்கெனவே இருந்த கிருமிகளுள் பெரும்பாலானவை 48 மணி நேரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. எச்.ஐ.வி. கிருமி மட்டும் ஆறு நாள் வரை இருக்கக்கூடும். ஆகவே பொதுமக்களுக்கு ஏற்படும் ஆபத்து மிகக் குறைவு. உடல்களைத் தொட்டுத் தூக்குவோருக்கு இரத்தம், மலம் ஆகியவற்றின் வழியாக மஞ்சள் காமாலை வகைகளும் வயிற்றுப்போக்கும் தொற்றக்கூடும். இதைத் தடுக்கக் கையுறை, ரப்பர் காலணி, சோப்பு நீரால் கை கழுவுதல், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஆகியவை போதுமானவை. காலரா, எபோலா போன்ற நோய்களால் இறந்தவர்களின் உடல்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குத் தனி நடைமுறை உண்டு. குடிநீர் ஆதாரங்களில் உடல்கள் கிடந்தால் அவற்றை உடனே அகற்ற வேண்டும்.

உடல்களின்மீது சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடரோ தூவும் வழக்கத்தால் பயன் இல்லை. அதனால் கிருமி அழிவதில்லை, முகத்தோற்றமே கெடுகிறது.

அவசரம் தேவைப்படுவது அடக்கத்துக்கு அன்று, புகைப்படத்துக்கே. நம் ஊர் வெப்பத்தில் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் முகம் அடையாளம் காண இயலாதவாறு மாறிவிடும். ஆழிப்பேரலையின்போது இலங்கையில் காலி நகருக்கு அருகிலுள்ள கராப்பிட்டிய போதனா மருத்துவமனையில், உடல்களைப் படமெடுத்து, பின்னர் அப்படங்களைக் குடும்பத்தினருக்குக் காட்டி அடையாளம் காணும் முறை கையாளப்பட்டது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு கேமராவும் அதை முறையாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுமே.

வயநாட்டில் நடந்தது

2024 சூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவு அண்மைக் காலத்தில் நமக்குக் கிடைத்த மிக விரிவான பாடம். சாலியாற்று வெள்ளம் உடல்களையும் உடற்பகுதிகளையும் பல கிலோமீட்டர் தொலைவில், மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பகுதி வரை இழுத்துச் சென்றது. காட்டிலும் ஆற்றங்கரையிலும் இறங்கித் தேடியவர்களுள் பெரும்பங்கினர் உள்ளூர்த் தன்னார்வலர்கள். மேப்பாடியில் உடல்களைக் கழுவித் துணி சுற்றி, உறவினர் காணும் நிலைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே.

அடையாளம் காணப்படாத உடல்கள் எரியூட்டப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மரபணு மாதிரி எடுக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு, புத்துமலையில் தனித்தனிக் குழிகளில் பல சமயப் பிரார்த்தனைகளுடன் அடக்கம் செய்யப்பட்டன. (அந்தப் புத்துமலையே 2019 ஆகஸ்டில் நிலச்சரிவில் உயிர்களை இழந்த ஊர்.) பின்னர் மரபணு முடிவுகள் வந்தபோது, எண் மட்டும் இருந்த இடங்களில் பெயர்கள் வரத் தொடங்கின. உடற்பகுதி ஒவ்வொன்றையும் தனி உடலாகவே எண்ணிட்டதும் இதற்கு உதவியது. நிகழ்விடத்திலேயே 'இந்தக் கை இந்த உடலுக்குரியது' என்று தன்னார்வலர் ஊகித்துச் சேர்த்துவிட்டால், அத்தவற்றைப் பிறகு ஆய்வகத்தாலும் எளிதில் திருத்த இயலாது. எரியூட்டிவிட்டாலோ திரும்ப ஆய்வதற்கே எதுவும் இராது.

ஒடிசாவின் பாலசோர் இரயில் விபத்து (2023 சூன் 2) வேறொன்றைக் காட்டியது. உடல்கள் முதலில் பகநாகா உயர்நிலைப் பள்ளியில் வைக்கப்பட்டன. பின்னர் மாணவர்கள் அக்கட்டடத்துக்குள் செல்ல அஞ்சியதால் அது இடிக்கப்பட்டது. அந்த இரவில் வேறு இடம் கிடைத்திருக்காது. குறை கூறுவது எளிது. ஆயினும் எந்த இடம் என்பதை விபத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தால் அக்குழந்தைகளுக்கு அந்த நினைவு நேர்ந்திராது. அவ்விபத்தில் ஓர் உடலுக்குப் பல குடும்பங்கள் உரிமை கோரிய நிகழ்வுகளும் உண்டு. வீங்கிய முகத்தைக் கண்ணால் பார்த்து 'இவரே' என்று கூறுவது அவ்வளவு உறுதியற்றது. ஓர் உடல் தவறாக ஒப்படைக்கப்பட்டால் துயருறுவது ஒரு குடும்பம் அன்று, இரண்டு.

நத்தத்தில் ஒரு குழு எவ்வாறு அமையலாம்?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இறந்தோரைக் கையாளுவதற்கான வழிகாட்டுதல்களை 2010-இலேயே வெளியிட்டுள்ளது. 'ஆப்தா மித்ரா' திட்டத்தின்கீழ் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. அப்பயிற்சியின் மையம் உயிர்காப்பு: மீட்பு, முதலுதவி, வெள்ளத்தில் நீந்துதல். அது சரியானதே. இறந்தோருக்கான பணியை அதே ஆட்கள்மேல் ஏற்றாமல், தனிச் சிறுகுழுவிடம் ஒப்படைப்பதே நல்லது. உயிருடன் இருப்பவரைத் தேடும் கைகளை உடல் தூக்க அழைக்கக் கூடாது.

வட்டாட்சியர், காவல் நிலையம், அரசு மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றின் அறிவுறுத்தலின்கீழ் மட்டுமே அக்குழு இயங்க வேண்டும். ஆறு பேர் கொண்ட ஓர் அணியைக் கருதுவோம். நால்வர் தூக்குவர், ஒருவர் எழுதுவார், ஒருவர் படமெடுப்பார். எழுதுபவர் தூக்கக் கூடாது, தூக்குபவர் எழுதக் கூடாது. நனைந்த கையுறையோடு எழுதிய சீட்டில் எண் அழிந்துபோகும் என்பதே காரணம். ஒவ்வோர் உடலுக்கும் 'நத்தம்-அ-001' என்பதுபோல் ஊர், அணி, வரிசை மூன்றும் அடங்கிய எண் இட வேண்டும். நீரில் அழியாத மையால் எழுதி, உடலிலும் உடல் பையிலும் தனித்தனியே கட்ட வேண்டும். அதே எண் மீண்டும் வேறு எவருக்கும் தரப்படலாகாது. முழு உடல், முகம், தழும்பு அல்லது பச்சைக்குத்தல் ஆகிய ஒவ்வொரு படத்திலும் அந்த எண் தெரிய வேண்டும். தாலி, மெட்டி, அரைஞாண், கைப்பேசி, சட்டைப்பையில் இருக்கும் பேருந்துச் சீட்டு வரை எதையும் உடலிலிருந்து பிரிக்காமல் குறிப்பேட்டில் பதிய வேண்டும். படமெடுக்க அணிக்கு ஒரே கருவி. தன்னார்வலர் தம் சொந்தக் கைப்பேசியில் படமெடுப்பதும் வாட்ஸ்ஆப்பில் பகிர்வதும் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். மகளின் மரணத்தைத் தாய் கைப்பேசித் திரையில் அறிய நேர்வதைவிடக் கொடியது வேறில்லை.

உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் அதிகாரம் தன்னார்வலருக்கு இல்லை. இயற்கைக்கு மாறான மரணங்களில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரணை நடைபெற வேண்டும். அது முடிந்த பின்னரே உடல் ஒப்படைக்கப்படும்.

பயிற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வைக்கோல் அடைத்த உருவங்களுக்கு வேட்டி, சேலை, நகை அணிவித்து வயலில் ஆங்காங்கே கிடத்தி, எண்ணிட்டு, படமெடுத்துப் பதியச் செய்யலாம். மாலையில் குறிப்பேட்டையும் உருவங்களையும் ஒப்பிட்டால் பிழை எங்கே நேர்கிறது என்பது தானே தெரியவரும். அமரர் ஊர்திகள், வீடுகளுக்கு வாடகைக்கு விடப்படும் பிரீசர் பெட்டிகள், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவற்றின் உரிமையாளர் பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். உடல்களைப் பாதுகாக்க 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர் தேவை. அது கிடைக்காதபோது தற்காலிக அடக்கமே அடுத்த வழி: ஒன்றரை மீட்டர் ஆழம், ஒரே அடுக்கு, உடல்களுக்கிடையே இடைவெளி, குடிநீர் ஆதாரத்திலிருந்து 200 மீட்டர் தொலைவு. கிணற்றுப் பாசனம் மிகுந்த இப்பகுதியில் இத்தகைய இடத்தை நள்ளிரவில் தேட முடியாது. முன்பே குறித்து வைக்க வேண்டும்.

ஒன்றைத் தயங்காமல் கூற வேண்டும். நாகப்பட்டினத்தில் உடல்களை அகற்றும் பணி பல நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள்மேல் பெருமளவில் விழுந்தது. சமயம், சாதி கடந்து பணியாற்றிய இளைஞர் அமைப்புகளும் இருந்தன. நத்தத்தில் குழு அமைக்கும்போது இப்பணி குறிப்பிட்ட ஒரு சமூகத்தார்க்கே உரியது என்ற எண்ணம் சேர்க்கையில் நுழையக் கூடாது. எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வேண்டும், பெண்களும் வேண்டும். பெண்களின் உடல்களைப் பெண்கள் கையாள்வதையே பல குடும்பங்கள் விரும்புகின்றன.

உறவினர்கள் கவனத்துக்கு

காணாமற்போனவரைத் தேடுவோர் மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதற்கு முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைசியாக அணிந்திருந்த உடை, நகை, தழும்பு, சிரித்த முகத்துடன் பற்கள் தெரியும் புகைப்படம் ஆகியவை பயன்படும். எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தவர், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர், பல் சிகிச்சை பெற்றவர் எனில் மருத்துவமனை விடுவிப்புக் குறிப்பையும் எக்ஸ்ரேயையும் கொண்டு வாருங்கள். பொருத்தப்பட்ட கருவியின் வரிசை எண் ஒன்றே அடையாளத்தை உறுதிப்படுத்தக்கூடும். இத்தகைய நோயாளிகளைப் பராமரிப்போர் அந்த அட்டையின் படி ஒன்றை வீட்டில் தனியே வைத்திருப்பது நல்லது.

மரபணுச் சோதனைக்குப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மாதிரி தரலாம். கணவன் அல்லது மனைவியின் மாதிரி மட்டும் உதவாது. காணாமற்போனவரின் பல் துலக்கியையும் சீப்பையும் கழுவாமல் எடுத்து வையுங்கள். முடிவுக்கு நாள் ஆகும். 2025 சூனில் அகமதாபாத் விமான விபத்தில் இறந்தோர் அனைவரையும் அடையாளம் காண இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. காத்திருக்கும் குடும்பத்துக்கு அது மிக நீண்ட காலம். எனினும் உறுதி செய்யாமல் விரைந்து பெறுவதைவிட அதுவே மேல்.

உடல் கிடைக்காவிட்டால், பொதுவாக ஏழாண்டுகள் கழித்தே ஒருவர் இறந்ததாகச் சட்டம் கருதும். பெரும்பேரிடர்களில் அரசு சிறப்பு நடைமுறை அறிவிப்பதுண்டு. வயநாட்டில் காணாமற்போனோரை இறந்தோராகக் கருதிச் சான்றும் உதவியும் வழங்க 2025 தொடக்கத்தில் கேரள அரசு முடிவெடுத்தது. எனவே காணாமற்போன புகாரின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பணி முடிந்த பின்

பயிற்சி பெறாமல் உடல்களைக் கையாண்டோருக்கும், குழந்தைகளின் உடல்களைக் கண்டோருக்கும் தூக்கமின்மை, திடுக்கிடல், காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஆகியவை மிகுதி. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது. இறந்தவரை அறிந்தவர் அவ்வுடலைத் தூக்க வேண்டியதில்லை. மாற்று ஆள் கேட்பது இழுக்கன்று. குறுகிய பணி நேரம், உணவு, குளிக்க இடம், உடனிருந்தவர்களோடு பேச வாய்ப்பு ஆகியவை பெரிதும் உதவும். ஆனால் நடந்ததை விவரிக்குமாறு எவரையும் அன்றே கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் நீடித்தால், அல்லது மது அருந்தும் பழக்கம் கூடினால், வீட்டார் டெலி மானஸ் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு செல்ல இலவச அமரர் ஊர்திக்கு 155377.