ராஜநாயக்கன் ஏற முடியாத பீடம்

தரங்கம்பாடி ராஜ வீதியில் நிற்கிறது புதிய எருசலேம் ஆலயம். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முகப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு கோட்டைக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் நம் மக்களின் வரலாறும் இருக்கிறது என்பதை மயிலாடுதுறை மாவட்டப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1706 ஜூலை 9 அன்று டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சாவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு மே 12இல் அவர்களிடம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் யார்? டேனியர் வீடுகளில் வேலை செய்த அடிமைகள். டேனியர்களுக்கு ஏற்கெனவே சீயோன் ஆலயம் இருந்தது. தமிழ்ச் சபைக்கென 1707 ஆகஸ்ட் 14இல் எருசலேம் என்ற சிறு ஆலயம் திறக்கப்பட்டது. அதைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக எழுந்ததுதான் 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இன்றைய ஆலயம்.

சிலுவை வடிவத்தில் அமைந்த கட்டடம் அது. முகப்பில் கிரீடத்தோடு அரசரின் பெயர்முத்திரை. உள்ளே சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் திறந்த சில மாதங்களிலேயே, 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில் அவர் இறந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவர். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியவர். அந்தத் தொண்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் சிலுவையாய்க் கட்டிய கோயிலுக்குள்ளும் சாதி நுழைந்து உட்கார்ந்துகொண்டது. சாதி பார்த்துத் தனித்தனியே அமரும் வழக்கம் இந்தச் சபையில் நிலைத்தது. ராஜநாயக்கனின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை அரசின் படைவீரர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தை வாசித்து, சபையில் சேர்ந்து, தஞ்சைச் சீமையெங்கும் 40 ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக உழைத்தவர். 1733இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். பின்னர் ராஜநாயக்கனுக்கும் பட்டம் தரலாமா என்ற பேச்சு எழுந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டோம் என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். மிஷனரிகள் பணிந்தார்கள். 1771இல் உபதேசியாராகவே அவர் இறந்தார்.

சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டபோதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கொரு பகுதி இருக்கிறது. செத்த பிறகும் தீராத தீட்டு இது!

கோயிலுக்குள் சாதி உண்டு. அரசுத் தாளில் மட்டும் இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. சேரியில் பிறந்தவன் ஞானஸ்நானம் பெற்றதால் ஊர் அவனை ஊருக்குள் குடிவைத்துவிட்டதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் அவனுக்கு ஏன் இல்லை?

நாம் கேட்பவை மூன்று. ஒன்றிய அரசு அந்த ஆணையைத் திருத்தட்டும். சபைகள் கல்லறைப் பிரிவினையை ஒழிக்கட்டும். சீகன்பால்குவின் கதையைச் சொல்லும் இடங்களிலெல்லாம் ராஜநாயக்கனின் பெயரும், அந்த ஐந்து அடிமைகளின் கதையும் சொல்லப்படட்டும்.

மாணவர்களே, தரங்கம்பாடிக்குப் போனால் ஆலயத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். கட்டியவர் யார் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதில் யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்றும் கேளுங்கள்.