கிணற்றின் மேல் பழி

"எங்கட கிரீமில ஒரு பிழையும் இல்ல தங்கச்சி, உங்கட ஊர்த் தண்ணிதான் சரியில்ல."

சீப்பில் வந்த மயிரை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு சலூனுக்குப் போன என் சாச்சி மகளுக்குக் கிடைத்த பதில் இது. அவளுக்கு மட்டுமா? சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சலூனில் கிரீம் பூசி நேராக நீட்டிய முடி காய்ந்து, வைக்கோலாகி, பாதியில் முறிந்தால் குற்றவாளி கிணறு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிணற்றுக்காக யாராவது பேசத்தான் வேண்டும்.

"முடி கொட்டுது" என்ற சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. பையில் இருந்ததை ஒரு வெள்ளைக் கடதாசியில் கொட்டி, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். வேரோடு விழுந்த மயிரின் ஒரு நுனியில் கடுகைவிடச் சிறிதாக ஒரு வெளிறிய புள்ளி இருக்கும். நாளுக்கு 50 முதல் 100 மயிர் வரை அப்படி எல்லோருக்கும் விழும். நாங்கள் எடுத்துப் பார்த்த இருபதில் மூன்றுக்குத்தான் அந்தப் புள்ளி இருந்தது. மற்றவை இரண்டு பக்கமும் மொட்டை. வேரோடு கொட்டுவதற்கு இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட், பிள்ளைப்பேறு என்று உடம்புக்குள் காரணம் தேடலாம். பாதியில் முறிவதற்கு மயிரின் தண்டைத்தான் விசாரிக்க வேண்டும். சாச்சி மகளோ இரண்டு மாதமாக இரும்புச்சத்துக் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இனித் தண்ணீர். அது கடினமான தண்ணீர் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். வனாத்தவில்லுப் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல். அருவக்காட்டில் அதை வெட்டித்தான் பாலாவி சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். கற்பிட்டியிலோ மணலுக்குள், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் மெல்லிய நன்னீர். தோட்டங்களுக்கு அளவுக்கு மீறி இறைத்தால் சவர் ஏறிவிடும்.

ஆனால் கடினநீர் முடியை முறிக்கிறதா? கோயம்புத்தூரில் செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 பெண்களின் மயிரைப் பாதி கடினநீரிலும் பாதி காய்ச்சி வடித்த நீரிலுமாக நாளுக்குப் பத்து நிமிடம், 30 நாள் ஊறவைத்து இழுத்துப் பார்த்தார்கள். பலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2018-ல் பாகிஸ்தானில் 70 ஆண்களின் மயிரில் பார்த்தவர்கள், பலம் குறைகிறது என்றார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்துக் கிணற்றை விடுவிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது.

எனக்கு அதைவிட நல்ல சாட்சிகள் வீட்டிலேயே இருக்கின்றன. அதே கிணற்றில் அறுபது வருடம் தலைமுழுகிய மூத்தம்மாவின் கொண்டை நரைத்திருக்கிறது, முறியவில்லை. சாச்சிக்கு இடுப்பு வரை பின்னல். ஒரே வாளி, ஒரே கயிறு. மூன்று தலைகளில் ஒன்று மட்டும் முறிகிறது என்றால் அந்த ஒன்றுக்கு வேறு என்ன நடந்தது என்று கேட்பதுதானே முறை?

நடந்தது இது. போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு முதல் தடவை நீட்டினாள். ஒன்பது மாதம் கழித்து ராத்தாவின் கல்யாணத்துக்கு இரண்டாம் தடவை, அடி முதல் நுனி வரை. அதற்கு மூன்று மாதத்துக்குப் பின் முறியத் தொடங்கியது. உச்சந்தலையில் குத்திட்டு நின்ற முறிந்த மயிர்களை அளந்து பார்த்தேன். பெரும்பாலும் எல்லாமே அரைச் சாண். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் சொச்சம் வளரும். ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு மாதம். அரைச் சாணும் ஏறக்குறைய அதே கணக்கு. ஒரு தடவை மருந்து பட்ட முடி முடிந்து, இரண்டு தடவை பட்ட முடி தொடங்கும் எல்லையிலேயே முறிந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் முடி முழுவதையும் நனைக்கும். அரைச் சாணில் கோடு போட்டு வெட்டாது.

"இது மருந்தில்ல, முடிக்குப் புரதம்" என்பார்கள். முடியே புரதம்தான். அதன் இழைகளைக் கந்தகப் பாலங்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. முடியை நீட்டப் பூசும் ரீபொண்டிங் கிரீமில் உள்ள தயோகிளைக்கொலேற் அந்தப் பாலங்களைத் திறக்கும். சூட்டுத் தகடு முடியை நேராக்கும். கடைசியில் பூசும் பெரொட்சைட்டு திரும்ப மூடும். திறந்ததெல்லாம் மூடாது. ரிலாக்சர் என்று விற்பது பெரும்பாலும் வேறு சாதி. அதில் சோடியம் ஹைட்ரொட்சைட்டு இருக்கலாம். நம்மூர்ப் பேச்சில் கோஸ்டிக் சோடா, சவர்க்காரம் காய்ச்சுவதும் அடைத்த குழாயைத் திறப்பதும் அதுதான். அது பாலத்தின் இரண்டு கந்தகத்தில் ஒன்றைப் பிடுங்கியே விடும், திரும்பி வராது. ஒன்றைப் போட்ட முடியில் மற்றதைப் போட்டால் முடி அறுந்து கையோடு வரும். ஆகவே போன தடவை எது போட்டார்கள் என்று தெரியாமல் இந்தத் தடவை எதையும் போடக்கூடாது. சாச்சி மகளுக்குத் தெரியாது. இரண்டு தடவையும் கிரீமைக் கிண்ணத்தில் கலந்துதான் கொண்டுவந்தார்களாம். போத்தலை அவள் காணவில்லை.

"கெரட்டின்" என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். அதில் ஒரு வகை சூடுபட்டால் ஃபோர்மல்டிஹைட்டைக் கக்கும். அது இல்லை என்று லேபிள் ஒட்டிய சரக்கில் அது இருந்ததை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2010-ல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பதிலாக வந்த கிளையொக்சிலிக் அமிலத்தின் கதையும் நல்லதல்ல. துனீசியாவில் 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என்று நீட்டிய மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2024-ல் மருத்துவ இதழில் வந்தது. இதில் எந்தப் பங்கு கிணற்றுடையது?

அடுத்தது எண்ணெய். "எண்ணெய் வெச்சா நீட்டினது சுருண்டுபோகும்." லுணுவிலவில் தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிற மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிற கரையில், பெண்பிள்ளைகள் தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் பயப்படுகிறார்கள். கிரீம் பூசிய முதல் மூன்று நாளைக்குச் சலூன்காரர் சொல்வதைக் கேட்கலாம். அதற்குப் பிறகு, வேதிமுறையில் மாற்றிய பாலத்தைக் கலைக்க எந்த எண்ணெய்க்கும் சக்தி கிடையாது. 2003-ல் மும்பையில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். பழுதான முடியிலும் அதே முடிவு. ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காரணம் பொருந்துகிறது. அதில் பாதியளவு இருக்கும் லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, தண்டுக்குள் புகும். அதனால் முடி தண்ணீர் குடித்து ஊதுவது குறைகிறது. எனவே தலைமுழுகுவதற்கு முதல் நாள் இரவு, தலைத்தோலை விட்டு, முடியின் நீளத்தில் இரண்டு தேக்கரண்டி போதும். முறிந்ததை அது ஒட்டாது. ஒட்டும் என்று சொல்கிறவரும் சலூன்காரரின் உறவுக்காரர்தான்.

பர்தாவையும் விட்டுவைப்பதில்லை, "மூடி வைக்கிறதாலதான் முடி போகுது" என்று. வெயிலையும் உப்புக்காற்றையும் மறைக்கிற துணி முடிக்கு நன்மைதான் செய்கிறது. ஈரத்தோடு இறுக்கிக் கட்டுவதில்தான் கேடு. நனைந்த முடி இழுத்தால் அதிகம் நீளும், மருந்து பட்டது அறுந்தே போகும். உலரவிட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வர வேண்டும்.

கிணற்றுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு, மறைக்கவில்லை. பழுதான முடி நல்ல முடியைவிடக் கூடுதலாகக் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். சொரசொரப்புக் கூடும், சிக்கு விழும். கதவை உடைத்தவர் ஒருவர், உள்ளே வந்த தூசி கிணற்றுடையது. கடைசியாக ஊற்றும் இரண்டு கோப்பையை மட்டும் குடிக்க வாங்கும் பில்டர் தண்ணீரிலோ மழைநீரிலோ ஊற்றினால் போதும்.

சாச்சி மகள் நுனியில் நாலு விரல் வெட்டிவிட்டாள். இனி நீட்டுவதென்றால் புதிதாய் வளர்ந்த அடிமுடிக்கு மட்டும்தான் பூசவிடுவாளாம். நீட்டுவதா என்றே இன்னும் முடிவில்லை. போன கிழமை சலூனிலிருந்து போன் வந்தது, பெருநாளுக்குக் கழிவு விலை என்று. "என்ன கிரீம், போத்தல்ல என்ன எழுதியிருக்கு, முழு நீளத்துக்குமா பூசுவீங்க?" என்று கேட்டாள்.

"வாங்க தங்கச்சி, வந்தா கதைப்பம்" என்றார்கள்.