பற்றா? வரவா?



சங்கக் கணக்குகளைப் பரிசீலிக்கச் செல்லுமிடங்களில், தறி ஓட்டாத அங்கத்தினர் சிலருடைய பெயர்கள் பதிவேட்டில் இருக்கக் காண்கிறேன். ஒரு நெசவாளர் சங்கத்தில் அத்தகைய பெயர் ஒன்றைச் சுட்டி விசாரித்தேன். "அவருக்கு மனநோய், தறியை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆயின" என்றனர். மருந்தினால் நோய் தணிந்திருந்தது; தொழிலும் மறக்கவில்லை. ஆயினும் அவருக்குப் பாவு கொடுக்க ஒருவரும் துணியவில்லை. அவருக்குக் காவலாக, அவர் மனைவியாரும் தார் சுற்றும் வேலையை விட்டிருந்தார்.

இதனால் நஷ்டம் யாருக்கு? இருவர் கூலி போயிற்று. ஒரு தறியின் உற்பத்தி போயிற்று. சிக்கனச் சேமிப்பு நிதிக்கு வரவேண்டிய தொகையும் நின்றது. இவை எந்தப் பேரேட்டிலும் ஏறாமையால், நஷ்டமே இல்லையென்று எண்ணிவிடுகிறோம்.

"முற்றும் குணமாகட்டும், பிறகு வேலை தருவோம்" என்பர் சிலர். லண்டன், ரிமினி, சூரிச் உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில், கடும் மனநோயுற்ற 312 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியொன்று 2007இல் வெளியாயிற்று. ஒரு பாதியினரை நேரே கூலி வேலையில் அமர்த்த முயன்றனர். அமர்ந்த பின்னும் ஓர் உதவியாளர் துணை நின்றார். மறு பாதியினருக்கு, முதலில் பயிற்சி, பிறகே வேலை என்னும் பழைய முறை. பதினெட்டு மாதங்களில் ஒரு நாளேனும் கூலி வேலை செய்தோர் முன்னதில் நூற்றுக்கு 55, பின்னதில் 28. மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் முன்னதில் நூற்றுக்கு 20, பின்னதில் 31. வேலை நோயை வளர்க்கவில்லை. மருத்துவமனைச் செலவையும் மிகுவிக்கவில்லை.

கூட்டுறவு இயக்கத்துக்கு இது புதிதன்று. இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநோய் மருத்துவமனையில், நோயாளிகள் பெருக்குவதும் துடைப்பதும் ஒருகாலத்தில் "சிகிச்சை" எனப்பட்டன. உரிய கூலி இல்லை. 1970களின் தொடக்கத்தில், பிராங்கோ பசாலியா என்னும் மருத்துவர் தலைமையேற்றிருந்த காலத்தில், அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே வேலைக்கு முறையான ஊதியம் பெற்றனர். 1991இல் இயற்றப்பட்ட இத்தாலியச் சட்டம், இத்தகைய சங்கங்களின் தொழிலாளரில் நூற்றுக்கு 30 பேரேனும் மனநோயுற்றோர் முதலிய நலிந்தோராய் இருத்தல் வேண்டும் என்றது. அவர்களுக்குச் சங்கம் செலுத்தவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் தள்ளிக் கொடுத்தது.

எல்லோரும் தேறுவர் என்று யான் கூறவில்லை. மேற்கண்ட ஆராய்ச்சியில் துணை பெற்றவருள்ளும் நூற்றுக்கு 45 பேர் வேலைக்குச் செல்லவில்லை. ஆகவே சிறிதாகத் தொடங்குவோம். முதலில் தார் சுற்றும் வேலை, பிறகு குறுகிய பாவு. விவசாயிகள் சங்கமாயின் நாற்றங்கால் வேலை. அனுபவமுள்ள அங்கத்தினர் ஒருவர் துணையிருக்கட்டும். அவருக்குச் சங்கம் சிறு படி அளிக்கட்டும். மருந்து வாங்கச் செல்லும் நாளில் விடுப்பு வேண்டும். செய்த வேலைக்குக் கூலி மட்டும் மற்றவர்க்குள்ளதே; அதில் குறைத்தல் தகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் மனநோயுற்றோர்க்கும் இடஒதுக்கீட்டில் பங்கு அளித்தது. நம் தறிக்கூடமும் வயலும் அரசுப் பணியிடங்கள் அல்ல. அங்கே இடம் தரவேண்டியவர் நாமே.

அந்த நெசவாளரின் தறிக்குழி இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது. உங்கள் சங்கத்திலும் அத்தகைய குழி ஒன்று உண்டா என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். இருப்பின், ஒரு பாவு கொடுத்துப் பாருங்கள்.