கண்டெடுத்தவர் படைத்தவர் ஆவாரா?

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் வாழும் உறவினர் ஒருவரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தபோது நிகழ்ந்த சிறு சம்பவம் இது. முற்றத்து வேலியில் கொடிரோசா ஒன்று பூத்துக் குலுங்கிக் கொண்டிருந்தது. அயலில் வசிக்கும் எம்மூர் அம்மையார் ஒருவர் அதைக் கண்டு, "தம்பி, ஒரு தடி முறிச்சுத் தாரும், நானும் நட்டுப் பாப்பம்" என்றார். உறவினர் சங்கடத்துடன் நெளிந்தார். "அக்கா, அது ஏலாது. சட்டமாம்" என்று, கன்றுடன் வந்த அட்டையை எடுத்துக் காட்டினார். 'தடி நட்டோ ஒட்டியோ பெருக்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது' என்பதே அதிலிருந்த வாசகத்தின் சாரம்.

யாழ்ப்பாணத்து வேலிகளிலே போகன்விலாவும் முல்லையும் ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குத் தடியாகவே பயணம் செய்தன. கேட்டவருக்கு இல்லையென்று சொன்ன வீட்டை நான் அறியேன். களவாக முறித்த தடிதான் நன்றாகப் பிடிக்கும் என்று என் தாயார் பகிடியாகச் சொல்வதுண்டு. அந்தப் பகிடி இன்று குற்ற ஒப்புதலாகிவிட்டது!

புதிய பூங்கொடியை உருவாக்குபவரின் உழைப்புக்குப் பலன் வேண்டாமா என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் இச்சட்டம் பிறந்தபோது யாருடைய உழைப்புக்குப் பலன் கொடுத்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

1930ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனாதிபதி ஹூவர் கையொப்பமிட்ட தாவர ஆக்கவுரிமைச் சட்டமே இவ்வகையில் முன்னோடி. அதன் கீழ் முதலாம் இலக்க ஆக்கவுரிமை 1931 ஒகஸ்ட் 18ஆம் திகதி 'நியூ டோன்' என்ற கொடிரோசாவுக்கு வழங்கப்பட்டது. பெற்றவர் நியூ ஜேர்சியைச் சேர்ந்த ஹென்றி பொசன்பேர்க். அவர் எந்த மகரந்தத்தையும் எந்தப் பூவிலும் தடவவில்லை. 'டொக்டர் வான் ஃபிளீட்' என்ற பழைய கொடியில் தானாகவே நேர்ந்த ஒரு திரிபு அது. பழைய கொடி ஆண்டுக்கு ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடும். திரிந்த கொடியோ மீண்டும் மீண்டும் பூத்தது. அதைக் கவனித்த கண்ணுக்கு என் பாராட்டு உண்டு. ஆனால் கவனித்தலும் படைத்தலும் ஒன்றா?

தாய்க்கொடியைப் படைத்தவர் வோல்டர் வான் ஃபிளீட். மருத்துவத் தொழிலைக் கைவிட்டுச் செடிகளிடம் வந்த மனிதர். இத்தொழிலின் சிரமத்தைச் சற்றே விளக்கினால்தான் விடயம் புரியும். மொட்டு விரியுமுன்னரே அதன் மகரந்தத் தாள்களைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தேர்ந்தெடுத்த வேறொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, வண்டும் தேனீயும் அணுகாதபடி உறையிட்டு மூட வேண்டும். காய் முற்ற மாதக்கணக்கு. விதை முளைக்கக் குளிர்காலம் ஒன்று கழிய வேண்டும். ஒருமுறை மட்டும் பூக்கும் கொடியினங்களோ முந்திய ஆண்டின் கிளையிலேயே பூப்பவை. ஆகவே நாற்று பூக்குமுன் ஆண்டுகள் ஓடிவிடும். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் ஒன்று தேறினால் அது அதிர்ஷ்டம், மிகுதியெல்லாம் எருக்குழிக்கு. இவ்வளவையும் செய்த வான் ஃபிளீட் 1922இல் காலமானார். அவருடைய கொடி 1910இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆக்கவுரிமையோ அக்கொடியின் ஒரு திரிபைக் கண்டெடுத்தவரைத்தான் சேர்ந்தது.

வான் ஃபிளீட்டுக்கு முன்னர் யார்? அக்கொடியின் முன்னோரில் ஒன்று ஜப்பானில் இயற்கையாகப் படரும் விச்சுரானா ரோசா. மற்றொன்று 'சஃப்ரானோ' எனும் பிரெஞ்சுத் தேயிலை ரோசா. அந்த வகையின் வேர் சீனத் தோட்டங்களில் இருக்கிறது. ஆண்டு முழுதும் திரும்பத் திரும்பப் பூக்கும் இயல்பை ஐரோப்பிய ரோசாக்களுக்குக் கொடுத்தவையே சீன ரோசாக்கள்தாம். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வளர்த்த சீனத் தோட்டக்காரரின் பெயர் எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது?

இன்னுமொரு வேடிக்கை. அதே 1930ஆம் ஆண்டுச் சட்டம் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கால் பெருகும் தாவரங்களை விலக்கி வைத்தது. நடும் கிழங்கே உண்ணும் உணவுமாக இருப்பதுதான் காரணம். வயிற்றுக்கு ஒரு நீதி, கண்ணுக்கு ஒரு நீதி!

தனியுரிமை இல்லையேல் யாரும் புதிய பூவை உருவாக்கமாட்டார் என்ற வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. போலந்துத் தலைநகர் வார்சோவில் ஸ்டெபான் பிரான்சாக் என்ற இயேசு சபைச் சகோதரர் இருந்தார். 1917இல் பிறந்து 2009இல் மறைந்தவர். மடத்துத் தோட்டத்திலே கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியைக் கலப்புச் செய்து பல பத்து வகைகளை உருவாக்கினார். பெயர்களைப் பாருங்கள். 1939இல் போலந்து வீரர்கள் ஒரு வாரம் தாக்குப்பிடித்த 'வெஸ்டர்பிளாட்டே'. 1944இல் போலந்துப் படையினர் இரத்தம் சிந்திய 'மொன்ரே கசினோ'. கம்யூனிஸ்ட் அரசு சிறைவைத்த கர்தினால் விஷின்ஸ்கி. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். மேடையிற் பேச அஞ்சவேண்டிய வரலாற்றை அவர் கொடியிலே பூக்கவிட்டார். அவரை இயக்கியது உரிமைப் பணமா?

உழைத்தவருக்கு ஊதியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வணிகத்துக்காக ஆயிரக்கணக்கில் பெருக்கி விற்பவரிடம் பங்கு கேட்பது முறையே. புதிய தாவர வகைகளுக்கான உபோவ் உடன்படிக்கையின் 1991ஆம் ஆண்டு வடிவமே, வணிகமற்ற சொந்தப் பாவனைக்கு விலக்களிக்கிறது. அமெரிக்க ஆக்கவுரிமையில் அந்த விலக்கு இல்லை. அயலவருக்குக் கொடுக்கும் ஒரு தடியையும் ஆயிரம் கன்று விற்கும் பண்ணையையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டம் எப்படி நியாயமாகும்?

எமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்கு ஆக்கவுரிமை வழங்க மறுக்கிறது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் விவசாயிக்குள்ள உரிமையை எழுத்திலேயே காத்திருக்கிறது. எனினும் வர்த்தக உடன்படிக்கைகளின் பேரால் உபோவில் இணையுமாறு வறிய நாடுகளை நெருக்குவது செல்வந்த நாடுகளின் வழக்கம். கொழும்பில் அத்தகைய ஆவணம் எப்போதாவது மேசைக்கு வந்தால், கையொப்பமிடுவோர் எங்கள் வேலிகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மையாருக்கு வேறொரு வழி சொன்னேன். அன்று அவ்வுரிமையின் காலம் பதினேழு ஆண்டுகளே. ஆகவே 'நியூ டோன்' கொடி 1948இலேயே விடுதலை பெற்றுவிட்டது. அது நிற்கும் வீட்டைத் தேடித் தடி கேளுங்கள், எந்த அட்டையும் குறுக்கே வராது என்றேன். "வீட்டுக்காரர் தாராட்டி?" என்று கேட்டார். என் தாயாரின் பகிடியைச் சொன்னேன்.