கூட்டல் குறி போட்டா 'க' - அவ்ளோதான் மக்கா!

கொஞ்சம் சூடான பதிவு. வீட்டுக்கு ஆட்டோ அனுப்பாதீங்க.

'உலகத்துலயே மூத்த மொழி தமிழ்'னு மாசம் நாலு பதிவாவது வருது. சந்தோஷம். ஆனா எழுதுறவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த மூத்த எழுத்துல தன் பேரை எழுதத் தெரியும்? கேட்டா, "அதெல்லாம் புரொபசர் வேலை பாஸ்"ங்கறாங்க. இந்தப் பதில் மேலதான் எனக்குக் கோபம்.

எங்க தேனி மாவட்டத்துல, ஆண்டிபட்டி வட்டாரத்துல புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர். 2006ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்க மூணு நடுகல் கண்டுபிடிச்சாங்க. மூணுலயும் தமிழ் பிராமி எழுத்து. வயசு 2000 வருஷத்துக்கும் மேல. ஒண்ணுல, 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'னு வெட்டியிருக்கு. கூடலூர்ல மாடு கவர்ந்த சண்டையில செத்த அந்தவனுக்கு நட்ட கல். அதுல ராஜா பேரு எதுவும் இல்ல. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்ற 'ஆகோள்'ங்கற அதே சொல், நம்ம வைகைக் கரைக் கல்லுல!

அந்தக் கூடலூர் எங்க கம்பத்துப் பக்கத்துக் கூடலூரான்னு சண்டை போட எல்லாரும் ரெடி. கல்லைப் படிக்கத்தான் ஆள் இல்ல.

மாயன் எழுத்தைப் பாருங்க. 1562ல டியாகோ டி லாண்டாங்கற பாதிரியார் அவங்க ஏடுகளைக் கொளுத்தினார். இன்னிக்கு மிஞ்சினது நாலே ஏடு. நூத்துக்கணக்குல குறியீடு. 1952ல ரஷ்யாக்காரர் யூரி நோரோசோவ் வழி காட்டினப்புறம்தான் பூட்டு திறந்துச்சு. இன்னிக்கு குவாத்தமாலாவுல மாயன் மக்களே பட்டறை வச்சு அதைக் கத்துக்கறாங்க, புதுசா கல்லும் வெட்டுறாங்க.

நமக்கு என்ன கேடு? பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837லயே படிச்சாச்சு. நம்ம குகைக் கல்வெட்டுல இருக்கிறது தமிழ்தான்னு கே.வி.சுப்பிரமணிய ஐயர் 1924ல சொல்லியாச்சு. ஐராவதம் மகாதேவன் 2003ல மொத்தத்தையும் புத்தகமாவே போட்டாச்சு. 2010ல யூனிகோடுலயும் பிராமிக்கு இடம் கிடைச்சாச்சு.

கூட்டல் குறி போட்டா 'க'. நேர்கோடு 'ர'. வலப்பக்கம் திறந்த அரைவட்டம் 'ட'. ழ, ற, ன மூணும் தமிழுக்குன்னே சேர்த்த எழுத்து. பல கல்வெட்டுல புள்ளி கிடையாது. 'கல'ன்னு இருக்கிறதை 'கல்'னு படிக்கத் தமிழ்க் காது வேணும். அது நம்மகிட்ட ஓசியிலயே இருக்கு. மேனேஜர் சொன்னா ரெண்டு வாரத்துல புது புரோகிராமிங் லாங்குவேஜ் கத்துக்கற பொட்டிதட்டிக் கூட்டத்துக்கு இது ஒரு மேட்டரா?

"அரைகுறையாப் படிச்சா ஆளாளுக்கு உளறுவாங்களே"ன்னு கேக்கலாம். இப்ப மட்டும் என்ன நடக்குது? ஏதோ ஒரு கீறலைப் போட்டோ எடுத்து 'பத்தாயிரம் வருஷத் தமிழ்'னு எவனாவது அனுப்பினா, நாமளும் பத்து பேருக்கு அனுப்புறோம். 'க' எது 'ர' எதுன்னு தெரிஞ்சவனாவது அதை நிறுத்திக் கேள்வி கேப்பான். எழுத்துன்னே தெரியாத ஊர்ல நடுகல் துணி துவைக்கத்தான் போகும். "ஏய், இது எழுத்துடா"ன்னு குறுக்க நிக்க ஊருக்கு ஒருத்தன் வேணும். அவன் புரொபசரா இருக்கணும்னு அவசியமில்ல.

அதனால அடுத்த 'மூத்த மொழி' பதிவு போடுறதுக்கு முன்னாடி, உங்க பேரை பிராமியில எழுதிப் பாருங்க. எழுதத் தெரிஞ்சா மட்டும் 'பப்ளிஷ்' பட்டனை அமுக்குங்க.

டிஸ்கி: திட்ட வர்றவங்க தாராளமா வரலாம். பிராமியில திட்டினா பதில் நிச்சயம் :-)