ரெண்டாவது முடிச்சைக் காணோம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரில் அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து அக்கா கல்யாணத்தை மறுபடியும் பார்த்தோம். அத்தான் தாலியை வாங்கினார். சரி. முதல் முடிச்சு போட்டார். சரி. அவர் தங்கையின் கை பின்னாலிருந்து வந்தது. அப்போது படம் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்றாவது முடிச்சும் முடிந்து, எல்லோரும் அட்சதை போட்டுக் கொண்டிருந்தார்கள்.

"மாப்ளே, ரெண்டாவது முடிச்சைக் காணோமே!" என்றார் அத்தான். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "அப்போ இந்தக் கல்யாணம் செல்லுமா, செல்லாதா?"

"செல்லாதுன்னா, இத்தனை வருஷம் சமைச்சுப் போட்டதுக்கு சம்பளத்தை எடுத்து வைக்கச் சொல்லுடா" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. அத்தான் முகத்தில் வெளிச்சம் அணைந்தது.

சிரித்துக் கொண்டே இருந்தவர்கள், கடைசி கேசட்டில் அப்பா வந்ததும் சட்டென்று அடங்கிவிட்டோம். அப்பா பந்திக்கு நடுவே நடந்து வருகிறார். ஒரு அடி வைக்கிறார், உறைகிறார். முகத்தில் கட்டம் கட்டமாக மொசைக் தரை. வாய் அசைகிறது, சத்தம் 'க்ளிக்' என்று வெட்டுகிறது. காணாமல் போகிறார். அக்காவின் சின்னப் பெண் எட்டாவது படிக்கிறாள். "தாத்தா ஏன் மாமா உடைஞ்சு உடைஞ்சு வர்றாரு?" என்றாள்.

அப்பா 2006-ல் போய்விட்டார். கையில் மொபைல் வைத்துக் கொண்டு கண்டதையும் படம் பிடிக்கிற காலம் அப்போது வரவில்லை. அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை, இந்த ஒரு கேசட்டைத் தவிர. 2004-ல் வீடியோக்காரர் மிக்ஸிங் செய்து கொடுத்த வி.சி.டி. இருக்கிறது. ஆனால் அதில் அப்பா வாயைத் திறக்கும்போதெல்லாம் சினிமாப் பாட்டு ஓடுகிறது. போதாக்குறைக்கு நாலு மூலையிலிருந்தும் இதயம் பறந்து வருகிறது. சிமெண்ட் ஆலை டைம் ஆபீஸில் வேலை பார்த்த மனிதரைச் சுற்றி இதயம் பறந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நல்ல வேளை, அப்பா கணக்கில் கெட்டி. 'கூலி கொடுத்தாச்சு, கேசட்டும் நமக்குத்தான்' என்று நாலு ரா கேசட்டையும் காசு கொடுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். மினி டிவி கேசட். (டி.வி. பெட்டி அல்ல, டிஜிட்டல் வீடியோ.) 1995-ல் வந்த சங்கதி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இதே மாதிரி டேப்பில்தான் டேனி பாய்ல் 2002-ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் பெரும்பகுதியை எடுத்தார். அதில் ஆளே இல்லாத லண்டன் தெரு. எங்கள் கேசட்டில் காலை நகர்த்த இடமில்லாத அரியலூர் கல்யாண மண்டபம்.

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே கல்லாகிப்போன மரம் ஒன்று சுமார் 12 கோடி வருஷமாக அசையாமல் படுத்திருக்கிறது. ஆனால் எங்கள் கேசட் இருபது வருஷத்திலேயே இருமுகிறது. இருக்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று நான்தான் முன் வந்தேன். நான் பி.காம். எனக்கும் கேமராவுக்கும் உள்ள சம்பந்தம், கல்யாண போட்டோவில் கடைசி வரிசையில் நின்றதோடு சரி.

முதல் தப்பு, யு.எஸ்.பி. கேபிள். திருச்சி நண்பரிடம் இரவல் வாங்கிய ஹேண்டிகேமில் யு.எஸ்.பி. ஓட்டை இருந்தது, சொருகினேன். தபால் தலை சைஸில் படம் வந்தது, அதுவும் தவணை முறையில். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. என்பது போட்டோ எடுத்துப் போகிற கொல்லைப்புற வாசல். டேப்பில் உள்ள வீடியோ முழுசாக வெளியே வரும் தலைவாசல் ஃபயர்வயர். சோனிக்காரர்கள் அதற்கு ஐ-லிங்க் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஃபயர்வயர் கார்டு வாங்கி, பழைய டெஸ்க்டாப்பில் செருகி, முதல் தரம் கேப்சர் செய்ததில் வந்ததுதான் மேலே சொன்ன 'இரண்டு முடிச்சுக் கல்யாணம்'.

இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வந்தது. நம் ஊர் வீடியோவில் நொடிக்கு 25 படம். பத்து நிமிஷம் கேப்சர் செய்தால் 15,000 படம் வரவேண்டும். என் ஃபைலில் வந்தது 14,612. டேப் எழுதியிருக்கும் பாஸ்புக்குக்கும் கம்ப்யூட்டர் எழுதிய லெட்ஜருக்கும் 388 படம் இடிக்கிறது! பாங்க் ரிகன்சிலியேஷன் போட்டவர்களுக்குப் புரியும், இந்த மாதிரி நேரத்தில் ராத்திரி தூக்கம் வராது.

ஏன் இடிக்கிறது? அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பெல்ட்டில் மூட்டை வந்து கொண்டே இருக்கும். லாரி மேல் நிற்பவர் எடுத்து எடுத்து அடுக்க வேண்டும். அவருக்கு அது பெரிய வேகம் இல்லை. ஆனால் நடுவில் பீடி பற்ற வைக்கப் போனார் என்றால் பெல்ட் காத்திருக்காது, மூட்டை கீழே. கேமராவில் சுற்றும் டேப்தான் அந்த பெல்ட். நொடிக்குச் சுமார் 36 லட்சம் பைட், மணிக்குச் சுமார் 13 ஜி.பி. வந்து கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்தான் அடுக்குபவர். அவரால் இதைப்போல் பல மடங்கு தூக்க முடியும். ஆனால் ஆன்டி வைரஸ் என்கிற சூப்பர்வைசர் 'இங்கே வா, கையெழுத்துப் போடு' என்று கூப்பிட்டால்? விண்டோஸ் அப்டேட் தோளைத் தட்டினால்? இடமே இல்லாமல் துண்டு துண்டாக இண்டு இடுக்கில் அடுக்க வேண்டியிருந்தால்? மூட்டை கீழே விழும். இதற்குத்தான் தொழிலில் டிராப்டு ஃப்ரேம் என்று பெயர். அக்காவின் இரண்டாவது முடிச்சு விழுந்தது அங்கேதான்.

இன்டர்நெட்டைப் பிடுங்கினேன். ஆன்டி வைரஸுக்கு லீவு கொடுத்தேன். விண்டோஸ் குடியிருக்கும் டிஸ்க்கில் எழுதாமல், தனியாகக் காலி ஹார்ட் டிஸ்க் ஒன்று போட்டு அதில் எழுத வைத்தேன். அதையும் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்தேன். பழைய எஃப்.ஏ.டி. 32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் வளராது. இருபது நிமிஷம் ஆவதற்குள் மூச்சு நின்றுவிடும். ஓடும்போது மவுஸைத் தொடக்கூடாது என்று வீட்டில் 144 போட்டேன். 15,000-க்கு 15,000! ரெண்டாவது முடிச்சு கிடைத்தது. அத்தானுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

ஆனால் நாலாவது கேசட்டில் அப்பா மட்டும் அப்படியே உடைந்து உடைந்துதான் வந்தார்.

நீங்களும் இதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ஒரே இடத்தை இரண்டு தரம் கேப்சர் செய்து பாருங்கள். குலுக்கல் ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் வந்தால் குற்றவாளி கம்ப்யூட்டர். இரண்டு தரமும் அதே நொடியில் வந்தால் கேசட், இல்லாவிட்டால் கேமராவின் ஹெட். கேமராவின் சின்னத் திரையிலேயே ஓட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அப்பா அதே நொடியில், அதே மொசைக் முகத்தோடு, கேமராத் திரையிலும் உடைந்தார். எண்ணிக்கை என்னவோ டேலி ஆகிறது. ஏனென்றால், படிக்க முடியாத படத்துக்குப் பதில் முந்தைய படத்தின் துண்டையே எடுத்து ஒட்டிச் சமாளிக்கிறது கேமரா. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் மாதிரி! தொகை சரி, சரக்கு பொய்.

அன்றைக்கு வீடியோ எடுத்தவரைத் தேடிக் கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். (பெரம்பலூருக்கு ரயில் கிடையாது; அரியலூருக்கு உண்டு. அக்கா கல்யாணத்தின்போது அரியலூர் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2001-ல் தனிக்குடித்தனம் போய், 2002-ல் திரும்பி வந்து, 2007-ல் மறுபடி தனியாகப் போனது. மாவட்டத்துக்கே டிராப்டு ஃப்ரேம்.) அண்ணன் இப்போது வீடியோ எடுப்பதில்லை. வீட்டு வாசலிலேயே ஜெராக்ஸ் கடை. கேசட்டைக் கண்ணாடி போட்டுக் கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலாவது கேசட்டா? தம்பி... கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மாப்பிள்ளை அழைப்புல பேண்டு வாத்தியத்தையே முக்கால் மணி எடுத்துத் தீர்த்துட்டேன். பந்தி வரும்போது கையில ஒரே கேசட்டு. அதனால எல்.பி.யில போட்டுட்டேன்."

எல்.பி. என்றால், 60 நிமிஷ டேப்பை மெதுவாக ஓட்டி 90 நிமிஷம் எடுப்பது. சாதாரணமாகவே மினி டிவி டேப்பில் ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எல்.பி.யில் அதிலும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். அதன் மேல் நிமிஷத்துக்கு 9,000 சுற்று சுற்றுகிற ஹெட் வழுக்காமல் ஓட வேண்டும். பாத்திக்கு நடுவே வரப்பே இல்லாத வயலில் நடக்கிற மாதிரி. எடுத்த கேமராவுக்கு அந்த வழி பழக்கம். அடுத்த கேமராவுக்குக் கால் இடறும்.

"அந்தக் கேமரா இருக்காண்ணே?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பரணில் இருந்தது. பழைய வேட்டியில் சுற்றி, தோளில் தூக்குகிற பானாசோனிக். பாட்டரி செத்துப் பல வருஷம், அடாப்டரில் ஓடியது. அண்ணன் உடனே கேசட்டைப் போட விடவில்லை. முதலில் ஹெட் கிளீனிங் கேசட். பத்தே நொடி. அதற்கு மேல் ஓட்டினால் ஹெட்டைத் தேய்த்துவிடுமாம். "நம்ம ஊரு சிமெண்ட் தூசிக்கு வாராவாரம் போடணும் தம்பி, அப்போ." பிறகு எங்கள் கேசட்டை முழுசாக ஒரு தரம் முன்னே ஓட்டி, பின்னே சுற்றினார். இருபது வருஷம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த டேப் தளர வேண்டுமாம். நான் அதற்குள் நாலு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அவர் வியாபாரத்தையும் கவனித்தேன்.

காத்திருந்த நேரத்தில் இன்னொரு சந்தேகம் கேட்டேன். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வாசலில் எல்லோரும் நடந்து வருகிற காட்சி. ஒரு படம்கூட விடுபடவில்லை. ஆனாலும் வெட்டி வெட்டி நடக்கிறார்கள்.

"அது என் தப்புதான். வெயிலுக்கு ஷட்டரை ஆயிரத்துல ஒண்ணுக்கு ஏத்திட்டேன். ஐம்பதுல ஒண்ணுல வெச்சா, வீசுற கை கொஞ்சம் கலைஞ்சு விழும். கண்ணு அதை ஒட்டிக்கும். ஆயிரத்துல ஒவ்வொரு படமும் கத்தி மாதிரி விழும், ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி போட்டு வெளிச்சத்தைக் குறைச்சிருக்கணும். இதுக்கு இனிமே வைத்தியம் இல்லே தம்பி."

'இப்போ யார் சார் டேப்பில் எடுக்கிறா?' என்று கேட்கிறவர்களுக்கு: மொபைலிலும் இதே வியாதிகள்தான், பெயர்தான் வேறு. ராத்திரி ரிசப்ஷனில் வெளிச்சம் போதாவிட்டால், நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டிய போன் தானாகவே குறைத்துக் கொள்ளும். எடிட்டிங் ஆப்பில் போட்டால் நடை தடுக்கும், உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். படத்தின் வேகத்தை மாறாமல் நிறுத்தி வைக்கிற வசதி போனில் இருந்தால் அதைப் போட்டுக் கொள்ளுங்கள். கேமராவில் மெமரி கார்டு போடுகிறவர்கள் 4கே எடுப்பதென்றால் வி30 என்று அச்சடித்த கார்டாகப் பார்த்து வாங்குங்கள். விலை மலிவு என்று கண்டதை வாங்கினால் அங்கேயும் மூட்டை கீழேதான். எடுத்த படம் போனில் சீராக ஓடி, பழைய கம்ப்யூட்டரில் மட்டும் திக்கினால் பயப்படாதீர்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத்தான் வயசாகிவிட்டது.

சரி, அண்ணன் வீட்டுக்கு வருவோம். என் டெஸ்க்டாப்பை அடுத்த ஞாயிறு அங்கேயே தூக்கிக் கொண்டு போனேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட். டேப் கேப்சருக்குக் குறுக்கு வழி கிடையாது. 90 நிமிஷக் கேசட்டுக்கு 90 நிமிஷம் உட்கார்ந்தே ஆக வேண்டும். நாற்பத்தோராவது நிமிஷத்தில் அப்பா வந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. உடையவில்லை. மொசைக் இல்லை. தோளில் துண்டு, கையில் சாம்பார் வாளி. நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப்பா எடுக்கிறே, டேப்பு வேஸ்ட்டு. பொண்ணு மாப்பிள்ளையை எடு." பிறகு பக்கவாட்டில் திரும்பி, "தம்பி, நீ சாப்ட்டியா? அந்த லைட்டை அணைச்சிட்டு இலையில வந்து உக்காரு, மொதல்ல."

லைட் அணைந்தது. திரையில் கும்மிருட்டு. இருட்டில் அப்பா குரல் மட்டும், "இங்க ஒரு இலை போடுங்கப்பா" என்றது. மொத்தம் 11 நொடி. 275 படம். எண்ணிப் பார்த்தேன், 275-ம் இருந்தது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த லைட் பையன் இப்போ துபாயில இருக்கான் தம்பி."

அன்று ராத்திரி பெரம்பலூரில் போட்டுக் காட்டினேன். சின்னவள் எட்டு தரம் போடச் சொன்னாள். "உங்க குரல் மாதிரியே இருக்கு மாமா" என்றாள். அக்கா ஒரு தரம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்தபடியே, "அந்த இருட்டு வருமே, அதை மறுபடி போடுடா" என்றாள்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை அக்கா வீட்டிலும் ஒன்றை என்னிடமும் வைத்திருக்கிறோம். நாளைக்கு மறுபடி அரியலூர். அண்ணன் பரணில் யாரும் வந்து வாங்காத கல்யாணங்கள் இரண்டு சாக்கு கிடக்கிறதாம். நிறையவே எல்.பி.யாம். அவருடைய ஹெட் கிளீனிங் கேசட் தேய்ந்துவிட்டது. யார் வீட்டுப் பரணிலாவது நல்லதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.