வெயில் தாகம் அல்ல

பாலிங்கில் அத்தை வளர்க்கும் ராணிக்கு எட்டு வயது. மார்ச் மாதம் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. "வெயில் கொளுத்துதுல்ல, அதான்" என்றார் அத்தை. நானும் தலையாட்டினேன். மூன்றாம் நாள் சோற்றைத் தொடவில்லை. வாலடியில் பழுப்பாகச் சீழ். சுங்கைப் பட்டாணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருந்தது. "கண்ட நாயோட சேர்ந்ததாலயா டாக்டர்?" என்று அத்தை கேட்டார். இல்லையாம். பெரும்பாலும் காரணம் ஈ.கோலி. நாயின் குடலிலேயே சாதுவாகக் கிடக்கும் பாக்டீரியாதான். பருவ காலத்தில் கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும்போது மேலே ஏறிவிடுகிறது. பருவம் முடிந்தபின் சுமார் இரண்டு மாதம், சினை பிடிக்காவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் சுரந்து கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. எதிர்ப்புச் சக்தியையும் அங்கே அடக்கி வைக்கிறது. கிருமிக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி. அதன் நச்சு சிறுநீரகத்தைப் பாதிப்பதால் சிறுநீர் நிறையப் போகும். அந்தத் தாகத்தைத்தான் நாங்கள் வெயில் என்றோம். கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தால் சந்தேகப்பட வேண்டும்.

வாய் மூடிக்கொண்டால் இன்னும் மோசம்: சீழ் வெளியே தெரியாது, வயிறு மட்டும் உப்பும்.

நாய்களுக்கு அதிகம் கருத்தடை செய்யாத ஸ்வீடனில், காப்புறுதிப் பதிவுகளின்படி, 10 வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வருகிறது. "குட்டி போடுற வயித்த அறுக்கிறது பாவம்" என்று கருத்தடையைத் தள்ளிப்போட்டவர் அத்தை. அன்றிரவு அதே வயிற்றை அறுத்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள்.

ராணி பிழைத்தது. அதன் மகள் சின்னிக்கு அடுத்த மாதம் கருத்தடை. அதுவரை அத்தை குவளையால் அளந்துதான் தண்ணீர் ஊற்றுகிறார்.